எட்கர் தர்ஸ்டனும் தூத்துக்குடி முத்துப் பார்களும்: விக்டோரியக் காலச் சேகரிப்பாளர் ஒருவரின் அறிவியற் பணி

ஆய்வுச் சுருக்கம்

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், தமிழ் ஆய்வுலகில் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலின் ஆசிரியராகவே பெரிதும் அறியப்படுகிறார். அந்நூல் வெளிவருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடற்பஞ்சு, பவளம் ஆகியவற்றைத் தொகுத்து எழுதிய விலங்கியலாளர் அவர். அக்கடற்பணி அவரது இனவரைவியற் பணியோடு சேர்த்துப் பார்க்கப்படுவது அரிது. தூத்துக்குடிக் கடலில் அவர் பெற்ற அறிவு, குளியாட்களின் உழைப்பையும் அவர்களது சொற்களையும் சார்ந்து அமைந்தது என்பதையும், பின்னாளில் அம்மக்களே அவரது பதிவேட்டில் பொருளாக மாறினர் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. அவரது நூல்களைச் சான்றாகக் கையாளும் ஆய்வாளர்கள் இவ்விரு நிலைகளையும் இணைத்து வாசிக்க வேண்டியதன் தேவையை இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: எட்கர் தர்ஸ்டன், தூத்துக்குடி, முத்துக்குளிப்பு, பார், மன்னார் வளைகுடா, சென்னை அருங்காட்சியகம், பரதவர், இனவரைவியல்.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இயற்கைப் பொருள்களைச் சேகரித்தல் அறிவியலின் அடிப்படைச் செயலாக விளங்கியது. பிரித்தானிய ஆட்சிப்பரப்பு முழுவதிலும் மருத்துவர், படைவீரர், தோட்டக்காரர், ஆட்சியர் எனப் பல தொழிலினரும் பூச்சிகளையும் பறவைகளையும் செடிகளையும் திரட்டி, பெயரிட்டு, பட்டியலிட்டனர். தமிழகம் இம்முயற்சியின் முக்கியக் களங்களுள் ஒன்றாக இருந்தது. படை மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார். தாவிப் பாயும் எறும்பு வகை ஒன்றை அறிவியல் உலகுக்கு முதலில் அறிவித்தவர் அவரே. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், அங்குத் திரட்டிய அந்துப்பூச்சிகளின் வழியே பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தார். 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகள் பற்றிய நான்கு தொகுதிகளை அவர் எழுதி முடித்தார்.

இவ்வரிசையில் தூத்துக்குடிக் கடலோரத்தோடு தொடர்புடையவர் எட்கர் தர்ஸ்டன். அவர் பூச்சியியலாளர் அல்லர். எனினும் பயிற்சி, பணிமுறை, வெளியீட்டு முறை ஆகிய அனைத்திலும் மேற்கூறியோரின் மரபைச் சேர்ந்தவர். அவர் சேகரித்த களம் மட்டும் வேறுபட்டது. அந்துப்பூச்சியைத் தேடுபவர் விளக்கொன்றை ஏற்றி வைத்துத் தாமே பிடித்துக்கொள்ளலாம். எறும்பைத் தேடுபவர் தம் வீட்டு முற்றத்திலேயே தொடங்கலாம். எட்டு, பத்துப் பாகம் ஆழத்தில் பாறைமேல் ஒட்டி வாழும் உயிரியை அடைய அவர்களுக்கு மற்றொருவரின் மூச்சும் உடலும் வேண்டும். கடற்சேகரிப்பாளர் பிறரைச் சார்ந்திருக்கும் இந்நிலையே இக்கட்டுரையின் மையப்பொருள்.

தர்ஸ்டனின் வாழ்வும் பணியும்

தர்ஸ்டன் 1855இல் இலண்டனை அடுத்த கியூவில் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் பயின்று, இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் கற்று, 1877இல் மருத்துவராகத் தகுதி பெற்றார். கென்ட் மாவட்ட மனநல விடுதியில் சிறிது காலம் மருத்துவ அலுவலராகவும், பின்னர்த் தாம் பயின்ற கிங்ஸ் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் காப்பாளராகவும் பணியாற்றினார். உடற்கூற்றியலும் காட்சிப்பொருள் பேணலும் இணைந்த இப்பயிற்சியே 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் பொறுப்புக்கு அவரைக் கொண்டுவந்தது.

1851இல் எட்வர்ட் பால்ஃபரின் பொறுப்பில் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் அப்போது எழும்பூர் பாந்தியன் வளாகத்தில் இருந்தது. சென்னை மக்கள் அதைச் ‘செத்த காலேஜ்’ என்றும், உயிர் விலங்குகள் இருந்த காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தனர். பஞ்சு அடைத்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் நிறைந்த இடத்துக்கு மக்கள் இட்ட இப்பெயர், அங்கு நடந்த பணியைப் பற்றிய அவர்களின் புரிதலைக் காட்டுகிறது. தர்ஸ்டனின் வாழ்க்கையில் இப்புரிதல் மற்றொரு வடிவில் மீண்டும் எதிர்ப்படுவதைப் பின்னர்க் காணலாம்.

தர்ஸ்டனின் ஆர்வப் பரப்பு அகன்றது. தென்னிந்தியத் தவளை வகைகளின் பட்டியலை 1888இல் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட நாணயங்களின் வரலாற்றை 1890இல் எழுதினார். பருத்தி, கம்பளி, பட்டு நெசவுகள் குறித்தும் தந்தச் செதுக்கு வேலை குறித்தும் தனித்தனி நூல்கள் அவரால் எழுதப்பட்டன. துறைகள் பலவாயினும் முறை ஒன்றே: மாதிரிகளைத் திரட்டுதல், வகைப்படுத்துதல், பெயர்ச்சீட்டு இடுதல், பட்டியலாக அச்சிடுதல்.

இப்பணிகளுள் அவரது முதற்பத்தாண்டில் தலைமையிடம் பெற்றது மன்னார் வளைகுடா ஆகும். இராமேசுவரமும் அதனை அடுத்த தீவுகளும் சார்ந்த கடலுயிரிகள் பற்றிய முதனிலை அறிக்கை 1887இல் வெளிவந்தது. முத்து, சங்குக் குளிப்பும் வளைகுடாவின் உயிரினங்களும் பற்றிய குறிப்புகள் 1890இல் அச்சாயின. அருங்காட்சியகம் தன் அறிக்கை வரிசையைத் தொடங்கியபோது அதன் முதல் வெளியீடாக 1894இல் அமைந்தது முத்து, சங்குக் குளிப்புப் பற்றிய தர்ஸ்டனின் நூலே. இராமேசுவரத் தீவும் வளைகுடா உயிரினங்களும் பற்றிய நூல் அவ்வரிசையில் 1895இல் வந்தது.

1889ஆம் ஆண்டு முத்துக்குளிப்பு

மன்னார் வளைகுடாவின் முத்து கொற்கையின் காலந்தொட்டு அறியப்பட்டது. ஆயினும் அது ஆண்டுதோறும் கிடைக்கும் விளைபொருள் அன்று. தூத்துக்குடிப் பகுதியில் 1860 முதல் 1862 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் நெடிய இடைவெளி ஏற்பட்டது. அவ்விடைவெளியில் இளஞ்சிப்பிகளைத் துறைமுகத்தை ஒட்டிய ஆழமற்ற நீரில் வளர்த்தெடுக்கக் கப்டன் பிப்ஸ் மேற்கொண்ட முயற்சி பலன் தரவில்லை. 1889இல்தான் அரசு மீண்டும் பெரிய அளவில் முத்துக்குளிப்பை நடத்தியது. தர்ஸ்டன் நேரில் வந்து பதிவு செய்தது இதனையே. முத்துக்குளிப்பைச் ‘சலாபம்’ என்று வழங்கும் மரபையொட்டி, கரையில் பந்தல்களும் கடைகளும் எழுந்த இடம் சலாபத்துறை எனப்பட்டது.

முத்துக்குளிப்பின் அமைப்பு நுட்பமானது. படகின் உரிமையாளர் சம்மாட்டி. படகைச் செலுத்துபவர் தண்டல். ஒவ்வொரு படகிலும் குளியாட்களும் அவர்களுக்குக் கயிறு பிடிப்போரும் இருப்பர். கயிற்றில் கட்டிய கனத்த கல்லொன்றில் கால் வைத்துக் குளியாள் கீழிறங்குவார். தரையை அடைந்ததும் கல் மேலே இழுக்கப்படும். அவர் சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைப்பார். மேலிருப்பவர் பையை இழுக்க, அவர் தாமே மேலெழுவார். நீரினுள் தங்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இரண்டு குளியாட்கள் ஒரு கல்லை மாறி மாறிப் பயன்படுத்துவதால் ஒருவர் இளைப்பாறும்போது மற்றவர் மூழ்குவார். குளியாட்கள் தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு முதலிய ஊர்களின் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் ஆவர்.

கரைக்கு வந்த சிப்பிகள் எண்ணப்பட்டு மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டன. இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிகளுக்கு இவ்வளவு என்னும் விலையில் ஏலம் விடப்பட்டது. சிப்பிக்குள் முத்து இருக்கிறதா என்பது ஏலம் எடுப்பவருக்கோ விற்பவருக்கோ தெரியாது. ஆகவே ஏலக் களம் பாதி வாணிகமும் பாதி சூதாட்டமுமாக இருந்தது. 

இதன் அடுத்த படிநிலையில்தான் பூச்சிகளுக்குப் பங்கு வருகிறது. வாங்கிய சிப்பிகளைச் சுற்றடைப்புகளில் குவித்து, ஒரு வாரத்துக்கு மேலாக அழுகவிடுவர். ஈக்கள் மொய்த்து முட்டையிட, அவற்றின் புழுக்கள் சதையைத் தின்று தீர்க்கும். எஞ்சியதைத் தோணித் தொட்டிகளில் நீர் ஊற்றி அலசி, அடியில் தங்கும் முத்துகளை எடுப்பர். சிறு முத்தும் தவறாமல் கிடைப்பதற்கு இம்முறையே ஏற்றது என்று கருதப்பட்டது. வீச்சத்தையும் ஈக்கூட்டத்தையும் தர்ஸ்டன் விவரித்திருக்கும் முறையில் விலங்கியலாளரின் கண்ணும், அங்கு நிற்க இயலாத நகரவாசியின் தவிப்பும் ஒருங்கே வெளிப்படுகின்றன. ஆயிரக்கணக்கானோர் கூடிய இத்தகைய முகாம்களில் நோய்ப்பரவல் ஒரு நிலையான அச்சமாக இருந்தது. முத்தின் ஒளியைப் பாடும் இலக்கிய மரபு தொடாத இப்பகுதியை ஆவணப்படுத்தியது அவரது எழுத்தின் பயன்களுள் ஒன்று.

குளியாட்களின் அச்சங்களும் அவர் பார்வைக்கு வந்தன. சுறாக்களின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ என்னும் மந்திரக்காரர் இல்லாமல் குளியாட்கள் இறங்கத் தயங்கினர். கத்தோலிக்கக் குளியாட்களும் இந்துவான கடல்கட்டியின் துணையை நாடினர். அரசும் தன் செலவிலேயே அவரை முத்துக்குளிப்புக்கு அமர்த்தி வந்தது. காலனி அரசு தான் நம்பாத ஒரு மந்திரத்துக்கு ஊதியம் தந்தது; அம்மந்திரம் இல்லாவிடில் கடலில் இறங்குவோர் இல்லை என்பதே காரணம்.

அறிக்கைகளில் உறைந்த கடற்சொற்கள்

தர்ஸ்டனின் கடல்நூல்களை மொழி நோக்கில் அணுகினால் ஒரு செய்தி தெளிவாகிறது. அவற்றின் அடிப்படைக் கலைச்சொற்களுள் பல தமிழ்க் கடற்சொற்கள். முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பாறைத்தளத்தைக் குறிக்கும் ‘பார்’ என்னும் சொல் ஆங்கில அறிக்கைகளில் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே எடுத்தாளப்பட்டது. பின்வந்த அறிவியலாளரும் அதனையே பின்பற்றினர். தொள்ளாயிரம் பார், நாகரைப் பார், உட்டிப் பார், பாசிப் பார் முதலிய பெயர்களைக் கொண்டே அரசின் வரைபடங்களும் ஆய்வறிக்கைகளும் கடலைப் பகுத்தன.

பெயர்களுக்கு அப்பால், பாரின் நிலையை மதிப்பிடும் சொற்களும் அவ்வாறே வந்தவை. பாரைச் சோதிக்க அரசு ஆண்டுதோறும் ஆய்வுப் படகை அனுப்பும். குறிப்பிட்ட இடங்களில் குளியாள் மூழ்கி, கைக்குக் கிடைத்தவற்றை எடுத்துவந்து காட்டுவார். சூரன் என்னும் சிப்பி வகை பாய்போல் படர்ந்து இளஞ்சிப்பிகளை மூடிவிட்டதா, கிளிக்காய் என்னும் பயனற்ற வகை கலந்திருக்கிறதா, சிப்பி முதிர்ந்ததா என்பனவெல்லாம் அவ்வாறே பதியப்பட்டன. அரசு அலுவலர் கடலடியைக் கண்ணால் கண்டதில்லை. குளியாளின் கையும் சொல்லும் சேர்ந்தே அந்த அறிக்கை. பாரில் சிப்பி ‘இல்லை’ என்னும் முடிவு பேரளவு அரசு வருவாயைப் பாதிக்கும் முடிவு என்பதை நினைவிற்கொண்டால், அச்சொல்லின் எடை விளங்கும்.

சங்குக்குளிப்பிலும் இதே நிலை. அது முத்துக்குளிப்பைப் போல் அரிதாக நிகழ்வதன்று; பருவந்தோறும் நடைபெறும் அரசு உரிமைத் தொழில். எடுத்த சங்குகளை, குறிப்பிட்ட விட்டமுள்ள துளை கொண்ட அளவுப் பலகையில் இட்டுப் பார்த்து, துளையின் வழியே நழுவும் சிறு சங்குகளை உயிரோடு கடலில் விட்டனர். தேறியவை வளையல் தொழிலுக்காக வங்காளத்துக்கு அனுப்பப்பட்டன. சங்கு எந்த மணலில் கிடைக்கும், எந்தக் காற்றில் நீர் தெளியும், எப்போது கலங்கும் என்னும் அறிவு குளியாட்களிடமே இருந்தது. அளவுப் பலகை மட்டுமே அரசினுடையது.

தூத்துக்குடியிலிருந்து இலண்டனுக்கு

தர்ஸ்டன் திரட்டியவற்றைத் தாமே முழுதும் ஆராயவில்லை. அக்காலச் சேகரிப்பாளர் பலரையும்போல் ஒவ்வோர் இனத்தையும் அதன் வல்லுநருக்கு அனுப்பினார். கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து 1887இலும் 1889இலும் கட்டுரைகளாக வெளியிட்டார். அவற்றுள் பின்னது மன்னார் வளைகுடாவிலிருந்து பெற்ற இரண்டாம் திரட்டைப் பற்றியது. நட்சத்திர மீன், கடல் அட்டை முதலிய முட்தோலிகளைப் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் எஃப். ஜெஃப்ரி பெல் ஆராய்ந்தார். ‘தூத்துக்குடியில் எட்கர் தர்ஸ்டன் திரட்டியவை’ என்னும் பொருள்படும் தலைப்போடு அவரது அறிக்கை 1888இல் இலண்டன் விலங்கியல் கழக வெளியீட்டில் வந்தது. நண்டு, இறால் வகைகளைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் ஜே. ஆர். ஹென்டர்சன் ஆராய்ந்து 1893இல் விரிவாக எழுதினார். அவரே பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் பொறுப்பையும் ஏற்றார்.

இவ்வகைப் பயணத்தில் ஓர் உயிரிக்கு மூன்று பெயர்கள் சேர்கின்றன: அறிவியற் பெயர், விவரித்தவர் பெயர், திரட்டியவர் பெயர். 1908இல் ரிச்சர்ட் லாய்டு விவரித்த கொம்புத்திருக்கை இனம் ஒன்று தர்ஸ்டனின் பெயரையே தாங்கி நிற்கிறது. கடலடியிலிருந்து அதை முதலில் கையில் எடுத்தவரின் பெயருக்குச் சீட்டில் இடமில்லை. இது தர்ஸ்டன் ஒருவரின் குறை அன்று; அக்காலச் சேகரிப்பு முறையின் இயல்பு. ஆயினும் தூத்துக்குடித் திரட்டைப் பொறுத்தவரை இவ்விடுபாட்டை ஓரளவு சரிசெய்ய வழி உண்டு. தனிமனிதரின் பெயர் கிடைக்காவிடினும் பாரின் பெயர், உயிரியின் ஊர்ப்பெயர், குளிக்கும் முறை ஆகியன நூலின் உடலில் இடம்பெற்றுள்ளன. தமிழ்க் கடற்சொல் ஆய்வாளருக்கு அவை சான்றுகளாக அமையும்.

கடலுயிரியிலிருந்து மனிதருக்கு

1890களின் நடுவில் தர்ஸ்டனின் கவனம் மாறத் தொடங்கியது. 1896இல் தோடர், கோத்தர் முதலான நீலகிரி மக்களைப் பற்றிய அவரது மானிடவியல் அறிக்கை வந்தது. கடலுயிரிகளுக்கு இடந்தந்த அதே அருங்காட்சியக வெளியீட்டு வரிசையில் இப்போது மனிதர் இடம்பெற்றனர். வங்காளத்தில் எச். எச். ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் நீளத்துக்குமுள்ள விகிதத்தைக் கொண்டு சாதிகளை வகைப்படுத்த முயன்றிருந்தார். அம்முறையைத் தர்ஸ்டனும் கையாண்டார். 1901இல் அரசு இனவரைவியல் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது சென்னை மாகாணத்துக்கான பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909இல் வெளியாயின.

அந்நூலின் முன்னுரையில் அவரே பதிந்துள்ள இரு நிகழ்ச்சிகள் கருதத்தக்கவை. வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களுள் சிறந்தவர்களைத் தேர்ந்து பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கவே அவர் வந்திருக்கிறார் என்று அஞ்சினர். நீலகிரியில் இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று கருதி அளவெடுப்புக்கு உடன்பட மறுத்தார். பழைய சிறு குற்றம் ஒன்றுக்காகக் காவல்துறையால் தேடப்பட்டவர் அவர். தர்ஸ்டன் இவற்றை நகைச்சுவையாகவே எடுத்துரைக்கிறார். ஆனால் அளக்கப்பட்டோரின் பார்வையில் இவை அறியாமையிலிருந்து எழுந்த அச்சங்கள் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. விலங்குகளைத் திரட்டிய அருங்காட்சியகமே தங்களையும் அளக்க வந்திருப்பதை அப்பெண்கள் சரியாகவே கண்டனர். அளவெடுப்புக்கும் காவல்துறைக்கும் தொடர்புண்டு என்பதை அந்த இருளரும் சரியாகவே உணர்ந்தார். உடலளவைக் கொண்டு குற்றவாளிகளை அடையாளம் காணும் பெர்டில்லான் முறை அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. ‘செத்த காலேஜ்’ என்னும் பெயருக்குள் இருந்த அதே புரிதல்தான் பணியப் பெண்களிடமும் வெளிப்பட்டது.

பரதவர் பற்றிய பதிவு

இம்மாற்றத்தின் விளைவைத் தூத்துக்குடியைக் கொண்டே அளவிடலாம். முத்துக்குளிப்பு நூலில் பரதவர் செயல்புரிவோராகத் தோன்றுகின்றனர். அவர்கள் மூழ்குகின்றனர், பாரை அறிகின்றனர், தங்கள் பங்கைப் பெறுகின்றனர், கடல்கட்டியைக் கேட்கின்றனர். ஏழு தொகுதிகள் கொண்ட நூலில் அதே மக்கள் அகரவரிசையில் அமைந்த ஒரு தலைச்சொல்லாக இடம்பெறுகின்றனர். தோற்றத் தொன்மம், சாதித்தலைவரின் சிறப்புரிமை, திருமணச் சடங்கு, மதமாற்ற வரலாறு ஆகியன அங்கு வரிசைப்படுத்தப்படுகின்றன.

இப்பதிவுக்குப் பயன்பட்ட சான்றுகளுள் ஒன்று தமிழ் ஆய்வாளருக்கு நெருக்கமானது. ‘தமிழ் புளூட்டாக்’ நூலின் ஆசிரியரான சைமன் காசிச்செட்டி, பரதவரின் தோற்றமும் வரலாறும் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை 1837இல் இலண்டன் அரச ஆசியக் கழக இதழில் வெளிவந்தது. அயோத்தியைத் தாயகமாகக் கூறும் பரதவர் மரபு அக்கட்டுரை வழியே தர்ஸ்டனின் நூலை அடைந்தது. ஆக, 1909ஆம் ஆண்டு நூலில் நிகழ்காலக் கூற்றுப்போல் காணப்படும் செய்தி, எழுபது ஆண்டுகளுக்கு முன் இலங்கையில் வாழ்ந்த தமிழறிஞர் ஒருவர் எழுதியது. பல காலத்துச் சான்றுகள் ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுக்கப்படும்போது அவற்றின் காலவேறுபாடு மறைகிறது.

மறைவது காலம் மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தூத்துக்குடிப் பரதவரிடையே மேசைக்காரர், கமாரக்காரர் என்னும் பிரிவுகளும், சாதித்தலைவரின் அதிகாரம் பற்றிய பூசல்களும் நிலவின. வாணிகத்தில் செல்வம் ஈட்டியோர் பழைய தலைமையை எதிர்த்தனர். சூசன் காஃப்மன் 1981இல் வெளியிட்ட ஆய்வு இப்பூசல்களை விரிவாக எடுத்துரைத்தது. முத்துக்குளிப்பில் சாதித்தலைவருக்குரிய மரபுப் பங்கு அப்பூசல்களோடு பிணைந்த பொருளியல் உரிமை. அதனை ஒரு ‘வழக்கம்’ எனப் பதியும்போது அதன்மீதிருந்த வழக்காடல் கண்ணிலிருந்து நழுவுகிறது. நிக்கோலஸ் டர்க்ஸ் 2001இல் வெளியிட்ட நூலில் காலனிய இனவரைவியல் சாதியை நிலைத்த பொருளாக்கியது என்று வாதிட்டார். தூத்துக்குடியின் சான்று அவ்வாதத்துக்கு அரண் சேர்ப்பதோடு ஒரு நுட்பத்தையும் கூட்டுகிறது. ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்களுக்கு இடையிலேயே அம்மாற்றம் நிகழ்ந்துள்ளது.

இச்செய்தி தமிழ் ஆய்வுக்கு நேரடியாகப் பொருந்துவது. க. ரத்னம் மொழிபெயர்க்க, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழாக்கம் இன்று நாட்டுப்புறவியல், சமூகவரலாற்று ஆய்வேடுகளில் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அப்போது ‘தர்ஸ்டன் கூறுகிறார்’ என்னும் ஒற்றைத்தொடர், அதனுள் அடங்கிய காசிச்செட்டியையும் அரசு அலுவலரையும் பெயரறியா உரையாளரையும் ஒன்றாக்கிவிடுகிறது. சாதிகளின் உரிமைக் கோரிக்கைகளிலும் அந்நூல் சான்றாக எடுக்கப்படும் சூழலில், ஒவ்வொரு செய்தியும் எவரிடமிருந்து எப்போது வந்தது எனப் பிரித்தறிவது ஆய்வாளரின் கடமையாகிறது.

தர்ஸ்டனுக்குப் பின் தூத்துக்குடிக் கடல்

தர்ஸ்டன் விட்ட இடத்திலிருந்து முத்தாய்வு வேறு கைகளுக்கு மாறியது. முத்து உருவாவதற்கு ஒட்டுண்ணிப் புழுக்கள் காரணமாகலாம் என்னும் கருத்தை இலங்கையில் இ. எஃப். கெலார்ட் 1850களிலேயே முன்வைத்திருந்தார். 1902இல் இலங்கை அரசின் அழைப்பில் வந்த லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெல்லின் துணையோடு பார்களை ஆராய்ந்து, நாடாப்புழுவின் இளவுயிரியே முத்தின் கரு என்னும் முடிவை வலியுறுத்தினார். ஐந்து தொகுதிகளாக 1903 முதல் 1906 வரை அவ்வறிக்கை வெளியானது. ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறைப் பணிக்கு வந்து, 1914இல் சங்கு பற்றியும் 1922இல் இந்திய முத்துக்குளிப்புப் பற்றியும் எழுதினார்.

நாடாப்புழுக் கோட்பாடு நிலைபெறவில்லை. சிப்பியின் மேலுறைத் திசுவே முத்தை உருவாக்குகிறது என்பது உறுதிப்பட்டு, அதனடிப்படையில் வளர்ப்பு முத்துத் தொழில் ஜப்பானில் வளர்ந்தது. தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டார். அதற்குள் இயற்கை முத்துக்குளிப்பு முடிவுற்றிருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்ததே இக்கடலின் இறுதிப் பெரும் முத்துக்குளிப்பு.

1986இல் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. தூத்துக்குடித் தீவுக் கூட்டத்தின் விலாங்குச்சல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. வான் தீவு அரிப்பால் சுருங்கியுள்ளது. பவளப்பாறைகளும் அவற்றைச் சார்ந்த உயிரிகளும் மாறிவரும் இச்சூழலில், 1880களில் எங்கு எது இருந்தது என்பதற்கான பட்டியல்களுக்குப் புதிய பயன் வந்துள்ளது. ஒப்பீட்டுக்குரிய தொடக்கநிலைச் சான்றாகத் தர்ஸ்டனின் திரட்டும், அதையொட்டி டெண்டியும் பெல்லும் ஹென்டர்சனும் எழுதியவையும் விளங்குகின்றன. அவர் கைவிட்டுச் சென்ற துறையே இன்று அவரது எழுத்துகளுள் ஐயத்துக்கு மிகக் குறைந்த இடந்தருவதாக நிற்கிறது.

முடிவுரை

தர்ஸ்டன் 1908இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பி, 1935இல் பென்சான்ஸ் நகரில் மறைந்தார். அவரது பணியைத் தூத்துக்குடியிலிருந்து நோக்கும்போது கீழ்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

மன்னார் வளைகுடா பற்றிய அவரது அறிவியல் எழுத்து, குளியாட்களின் உடலுழைப்பாலும் அவர்களது கடற்சொற்களாலும் இயன்றது. தரையில் பூச்சி திரட்டியோரைவிடக் கடலில் திரட்டியோர் உள்ளூர் அறிவை மிகுதியாகச் சார்ந்திருந்தனர். அச்சார்பின் தடயங்கள் பார்ப்பெயர்களாகவும் உயிரிப்பெயர்களாகவும் அவரது நூல்களில் எஞ்சியுள்ளன. அவற்றை இன்றைய கடற்கரை வழக்கோடு ஒப்பிட்டுத் தொகுப்பது தமிழ்ச் சொற்பொருளாய்வு மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

முத்துக்குளிப்பு நூலையும் ஏழு தொகுதிகளையும் ஒருங்கே வாசித்தால், அறிவு தந்தோர் ஆய்வுப் பொருளாக மாறிய போக்குப் புலப்படும். இனவரைவியல் நூலை விலக்க வேண்டியதில்லை. அதன் ஒவ்வொரு கூற்றுக்கும் உரியவரையும் காலத்தையும் தேடிக் காண்பது வேண்டும். பரதவர் பற்றிய பதிவில் காசிச்செட்டியை அடையாளம் காண இயன்றதுபோல், பிற பதிவுகளிலும் அவ்வாறு பிரித்தறிய இடமுண்டு. அத்தகைய வாசிப்பே அந்நூலைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வேடுகளுக்கு வலிமை சேர்க்கும்.